ஹாக்கன் இல்ல மக்களே, மேற்க ஓட்டுனது சாதா ட்ரேட் துப்பாக்கிதான்

வணக்கம் மக்களே. 1830கள்ல அமெரிக்காவோட மேற்குல, ராக்கி மலைப் பக்கம் பீவர் (தோலுக்காக வேட்டையாடுன நீர்ப் பிராணி) புடிக்கப் போனவங்க கையில என்ன துப்பாக்கி இருந்துச்சுன்னு கேட்டா, கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவங்க டக்குனு ஹாக்கன்னு சொல்லிடுவாங்க. செயின்ட் லூயிஸ்ல ஜேக்கப், சாமுவேல்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் செஞ்ச ரைபிள், கனமான பேரல், செம தரம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது சின்ன பட்டறைங்க, விலையும் ஜாஸ்தி, அவ்ளோ பெரிய மேற்குக்கு அந்த ஒரு பட்டறை எங்கேர்ந்து சப்ளை பண்ணும்?

பெட்டி பெட்டியா போனது வேற சரக்கு. பென்சில்வேனியால போல்டன்ங்கற இடத்துல ஹென்ரி குடும்பத்தோட ஃபேக்டரி இருந்துச்சு, ஆஸ்டரோட தோல் வியாபாரக் கம்பெனியான அமெரிக்கன் ஃபர் கம்பெனி 1820கள் கடைசிலேர்ந்து அங்கதான் ரைபிள் ஆர்டர் போட்டுச்சு. லான்காஸ்டர்ல லீமன்னு ஒருத்தர் 1834ல ஆரம்பிச்சு இதே மார்க்கெட்ல நல்லா காலூன்றிட்டாரு. அலங்காரம் கம்மி, அடிச்சாலும் தாங்கும், அவ்ளோதான் கேட்டாங்க.

இதுக்கெல்லாம் முன்னாடியே வந்து, இதையெல்லாம் தாண்டியும் நின்னது நார்த்வெஸ்ட் கன், அதாவது பழங்குடி ஆளுங்ககிட்ட தோல வாங்கிட்டு பதிலுக்கு குடுத்த ட்ரேட் துப்பாக்கி. இது ரைபிளே இல்ல. ரைபிள்னா பேரலுக்குள்ள மரை மாதிரி காடி சுத்திப் போகும், குண்ட துணில சுத்தி இறுக்கி எறக்கணும், குறி நல்லா விழும் ஆனா நேரம் புடிக்கும். நார்த்வெஸ்ட் கன்ல உள்ள வழுவழுன்னு இருக்கும், நம்மூரு நாட்டுத் துப்பாக்கி மாதிரி வாய் வழியா மருந்து கெட்டிச்சு, வாத்துக்கு சில்லுக் குண்டு, மானுக்கு ஒத்தக் குண்டுன்னு எத வேணாலும் போடலாம். ஒரு பவுண்டு ஈயத்துல 24 குண்டு வார்க்குற சைஸ்.

(திரையில்: துப்பாக்கியோட இடது பக்கம், பெருசா)

இந்த பித்தளைத் தகடு பாருங்க, செதில் செதிலா பாம்பு மாதிரி வளைஞ்சிருக்கா? இது இல்லாத துப்பாக்கிய பழங்குடி ஆளுங்க நம்பி வாங்க மாட்டாங்க, அவங்களுக்கு இதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம், அதனால பர்மிங்ஹாம்காரன் செஞ்சாலும் லண்டன்காரன் செஞ்சாலும் பாம்பு இருந்தே ஆகணும். ட்ரிகர் வளையம் எதுக்கு இவ்ளோ பெருசு? கனடா குளிர்ல கையுறைய கழட்டாமலே சுடுறதுக்கு. வாங்குறவங்க கறாரா பார்த்து வாங்கியிருக்காங்க, ஏமாளிங்க கிடையாது.

அதனாலதான் அந்த 'துப்பாக்கி உயரத்துக்கு பீவர் தோல அடுக்கணும், அதுக்காகவே பேரல நீட்டிட்டாங்க'ங்கற கதைய நான் நம்பறதில்ல. கனடா பக்கம் தோல் வியாபாரம் பண்ண ஹட்சன்ஸ் பே கம்பெனில விலைப் பட்டியலே இருந்துச்சு, 1700கள்ல ஒரு துப்பாக்கி சுமாரா 10லேர்ந்து 14 பீவர் தோல். அடுக்கி வச்சா முழங்கால் வந்தாலே பெருசு. இன்னொண்ணு, வருஷம் போகப்போக பேரல் குட்டையாத்தான் ஆச்சு, 48 இன்ச்லாம் போயி 36, 30னு எறங்கிடுச்சு. ஏமாத்தணும்னு நினைக்கிறவன் குட்டையாக்குவானா?

சரி, கேப் (அடிச்சா வெடிச்சு மருந்துக்கு தீ வைக்கற குட்டி உலோக மூடி) வச்சு சுடற துப்பாக்கி வந்ததுக்கு அப்புறமும் ஏன் தீப்பொறிக்கு சிக்கிமுக்கிக் கல்லையே புடிச்சு தொங்கினாங்க? கேப் தீந்துபோச்சுன்னா அடுத்த கடை பல நூறு மைல் தள்ளி, கல்லுன்னா தேடுனா கீழயே கிடைக்கும். இத பழமைன்னு சிரிக்கறவங்க அங்க ஒரு குளிர்காலம் இருந்துட்டு வந்து சிரிக்கட்டும்.

இப்போ காட்டெருமை வேட்டை, எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச பகுதி. குதிரை முழு வேகத்துல ஓடுது, கூட்டத்துக்கு நடுவுல நீங்க, வாய்க்குள்ள நாலஞ்சு ஈயக்குண்டு. கொம்புலேர்ந்து மருந்த குத்துமதிப்பா கொட்டு, ஒரு குண்ட பேரலுக்குள்ள துப்பு, கட்டைய சேணத்துல டொக்குன்னு தட்டு, எச்சில் ஈரத்துல குண்டு மருந்தோட ஒட்டிக்கும், குண்ட தள்ளி எறக்குற கம்பியே தேவையில்ல. பேரல மேல தூக்கியே வச்சிருந்து, எருமை பக்கத்துல வந்ததும் டக்குனு எறக்கி சுடணும். குண்டு நழுவி முன்னாடி வந்துடுச்சுன்னா போச்சு, பேரலே வெடிக்கும், விரல் போனவங்களும் உண்டு.

வெடிச்ச பேரல அறுத்து குட்டையாக்கிக்குவாங்க, சில பேர் குதிரை மேல சுலபமா இருக்கட்டும்னு நல்ல பேரலையே அறுத்துக்குவாங்க. அறுத்த துண்டையும் தூக்கிப் போடல, ஒரு முனைய தட்டி தட்டையாக்கி பல்லு பல்லா வெட்டிட்டா தோல் சுரண்டுற கருவி ரெடி, பொம்பளைங்க எருமைத் தோல அத வச்சே சுரண்டுனாங்க.