ஸ்பீக்கரை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்?

இந்த வாரக் கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. 'அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஸ்பீக்கரை உள்பக்கமாக 15 டிகிரி திருப்புவதா, 20 டிகிரியா?' என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உட்காரும் இடம் அறைக்குச் சரியாக நடுவில், பேஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) வரவே மாட்டேன் என்கிறது, அதற்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் வாங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி. எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வி.

சரி, கேட்டதற்கு முதலில் பதில். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக இருந்து, ஸ்பீக்கர் நேராகக் காதைப் பார்த்தால் அது 30 டிகிரி. அங்கே ஆரம்பியுங்கள். ஒரே குரல் மட்டும் உள்ள மோனோ ஒலிப்பதிவை (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவது) போட்டு, குரல் நட்டநடுவில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பாட்டுக்காரர்கள் உங்கள் முன்னே பரவி நிற்பதுபோல் தோன்றும் ஒலி மேடை விரிகிற வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்பலாம். குரல் கலையத் தொடங்கினால் ஒரு படி திரும்பி வந்துவிடுங்கள். அது 15-ஆ 20-ஆ என்பது ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். அதைவிட முக்கியம், இரண்டும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூல் கட்டி அளந்துவிடுங்கள். 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு பக்க ஒலி சுமார் 0.3 மில்லி செகண்ட் முந்திக்கொள்ளும், நடுவில் நின்ற பாடகர் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

இனி நாற்காலி. பழைய காணொளிகளைப் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள், ஆமாம், மறுபடியும் நாற்காலிதான். 4 மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 43 முறை அதிர்கிற ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே முன்னும் பின்னும் மோதி நிலைத்து நிற்கும். நீளமான தொட்டியில் தண்ணீரை ஆட்டிவிட்டுப் பாருங்கள், இரண்டு ஓரத்திலும் எம்பி எம்பி விழும், நடுவில் மட்டம் அசையவே அசையாது. நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த நடுவில். பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே இடம். அப்புறம் எப்படிக் கேட்கும்? சப்வூஃபரை முன்சுவர் (ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உள்ள சுவர்) ஓரமாக வைத்தாலும், பேஸ் கேட்காத அதே பள்ளத்தில்தான் இருப்பீர்கள்.

நானும் இதே கூத்தை ஆடியவன்தான். முன்பே சொல்லியிருக்கிறேன், பரவாயில்லை. இரண்டு நாள் டேப்பும் கையுமாக ஸ்பீக்கரை அரை அரை அங்குலம் நகர்த்தி இடுப்பு போனதுதான் மிச்சம். பேனா ஒன்று உருண்டு பின்சுவர்ப் பக்கம் போனது, அதை எடுக்கக் குனிந்தேன், அங்கே இருந்தது என் பேஸ் முழுவதும்! அதற்காகச் சுவரோடு ஒட்டி உட்காராதீர்கள், அங்கே தண்ணீர் எம்புகிற ஓரம், எல்லாம் கும்மென்று ஒரே இரைச்சலாகிவிடும். அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு கணக்கு புழங்குகிறது, உங்களுக்கு அது பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர். சட்டம் ஒன்றும் இல்லை, தொடங்குவதற்கு ஒரு புள்ளி. அங்கிருந்து முன்னே பின்னே ஒரு சாண் நகர்ந்து கேளுங்கள்.

அப்படி உட்கார்ந்தால் ஸ்பீக்கர்களுக்கு இடையே 1.8 மீட்டர், முன்சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் சொச்சம் என்று முக்கோணம் அழகாக அமைகிறது. சுவர் தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலி 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியை அமுக்கிவிடும். அரை மீட்டர் என்றால் 171, ஆண் குரலின் கனம் இருக்கிற இடம். எனக்கு முதலாவதே மேல்.

சப்வூஃபர் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். நாற்காலியை நகர்த்திவிட்டு, எந்த இடத்தில் பேஸ் வந்தது என்று அளவோடு எனக்கு எழுதுங்கள்.