கந்தல் கொடியில் ஒரு தலைப்பு

அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு அச்சுப்படங்களின் அலங்கார முகப்புத் தாள்கள்' என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. நானே எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் இங்கே வரும் வழியெல்லாம் அந்த 'அலங்கார' என்ற சொல் உறுத்திக்கொண்டே வந்தது. அலங்காரம் என்றாலே 'இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது' என்ற அர்த்தம் ஒட்டிக்கொள்கிறது. இந்தத் தாள்களை வரைந்தவர்களுக்கு அப்படியில்லை. அவர்கள் முன்னால் ஒரு தொழில் சிக்கல் இருந்தது: படத்துக்குள் எழுத்தை எங்கே வைப்பது? இன்று மாலை இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

முதல் படத்தைப் போடுங்கள்.

அளவு ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டைதான். கிழிந்த உடுப்போடு ஒரு பிச்சைக்காரன் நிற்கிறான். கையில் பெரிய கொடி. படைத்தலைவன் பிடிக்கிற மாதிரிதான் பிடித்திருக்கிறான், ஆனால் கொடி கந்தல். அந்தக் கந்தலில் 'கபித்தானோ தே பரோனி' என்று எழுதியிருக்கிறது. பரோனி என்றால் பிரபுக்கள்; அந்தக் கால இத்தாலியப் பேச்சில் போக்கிரிகளுக்கும் அதே சொல். பிரபுக்களின் தளபதியா, போக்கிரிகளின் தளபதியா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் ழாக் காலோ. 1622, 23 வாக்கில் செய்த 'பிச்சைக்காரர்கள்' என்ற 25 படத் தொகுப்பின் முகப்புத் தாள் இது.

தலைப்பைப் படத்துக்கு மேலே எழுதவில்லை, கீழேயும் எழுதவில்லை. படத்திலிருக்கிற ஆளே அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். என்ன விற்கிறார்கள் என்பதைச் சரக்கே கூவிச் சொல்கிறது. இதில் எவ்வளவு துணிச்சல் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் முகப்புத் தாள் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

பிரெஞ்சில் இதற்கு 'ஃப்ரோந்திஸ்பீஸ்' என்று பெயர். அந்தச் சொல் முதலில் கட்டடக்காரர்களுடையது. மாளிகையின், தேவாலயத்தின் முன்பக்கம் என்று பொருள். பிறகுதான் புத்தகத்துக்கு வந்தது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டுக்கும் முகப்பு என்கிறோம், புத்தகத்துக்கும் முகப்பு என்கிறோம்.

பாரிசின் செதுக்குக்காரர்கள் அந்தச் சொல்லை அப்படியே கல்லில் கட்டினார்கள். நூற்றாண்டின் தொடக்கத்தில் லெயோனார் கோத்தியே என்று ஒருவர் இருந்தார். அவர் பட்டறையிலிருந்து வந்த முகப்புகள் ஏராளம். பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: இரண்டு பக்கமும் தூண்கள், தூண்களுக்கு அருகே மாடக்குழிகளில் அறிவு, பக்தி என்று ஏதோ ஒரு நற்குணம் பெண்ணுருவில், மேலே யாருடைய தயவில் நூல் வருகிறதோ அவருடைய குலச்சின்னம், நடுவே வாசல் இருக்க வேண்டிய இடத்தில் கல்வெட்டுப் போல நூலின் தலைப்பு, கீழே பீடத்தில் கடையின் முகவரி. அந்த முகவரி பெரும்பாலும் சேன் ழாக் வீதிதான். புத்தகக் கடைக்காரர்களும் செப்புப்பட வியாபாரிகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த தெரு அது.

எழுத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இவர்களுடைய பதில் கல். கல்லில் எழுத்து இருப்பது இயல்பு, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கோத்தியேயின் கை நுட்பமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் இருபது முகப்புகளைத் தொடர்ச்சியாகப் பார்த்தால் எனக்கு ஒரே தெருவில் நடந்துகொண்டே இருப்பது போல இருக்கிறது. எல்லா வாசலும் மூடியிருக்கிறது.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு பெரிதாக வந்தது என்பதைப் பட்டறைக்குள் போனால்தான் சொல்ல முடியும். புத்தகத்தின் எழுத்து ஈய அச்செழுத்து. மேடாக நிற்கிற பகுதியில் மை ஒட்டும், மேலிருந்து அழுத்தினால் தாளில் விழும். செப்புத் தகடு இதற்கு நேர்மாறு. மை பள்ளத்தில் இருக்கிறது. தகடு முழுக்க மையைத் தடவி, மேற்பரப்பை மட்டும் துடைத்தெடுத்து, நனைத்த தாளை மேலே போட்டு, இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்தால்தான் பள்ளத்திலிருக்கும் மை தாளுக்கு ஏறும். இரண்டுக்கும் இயந்திரம் வேறு, ஆட்களும் வேறு. பாரிசின் செதுக்குக்காரர் அப்ரகாம் போஸ் 1642இல் இந்தப் பட்டறையை அப்படியே வரைந்து வைத்திருக்கிறார். ஒருவன் கணப்பு மேல் தகட்டைச் சூடாக்கி மை தடவுகிறான், இன்னொருவன் உள்ளங்கையால் துடைக்கிறான், மூன்றாமவன் இயந்திரத்தின் சிலுவைக் கைகளைப் பிடித்து, காலையும் ஊன்றி உடம்பு முழுக்க இழுக்கிறான். மேலே கொடிக்கயிற்றில் தாள்கள் துணி மாதிரி காய்கின்றன.

ஆக, செப்புத் தகட்டில் முகப்பு வேண்டுமென்றால் எழுத்தையும் தகட்டிலேயே வெட்டிவிடுவதுதான் வசதி. அதுவும் ரப்பர் ஸ்டாம்பில் இருப்பது போல இடவலம் மாற்றி. இங்கே எழுத்தும் கோடுதான், தூணும் கோடுதான், பிச்சைக்காரனின் தாடியும் கோடுதான். எல்லாம் ஒரே செம்பில், ஒரே மையில். எழுத்தைப் படத்தோடு விளையாட விட்டது இந்த வசதிதான்.

வியாபாரத்துக்கும் இதில் ஒரு லாபம் இருந்தது. செம்பைச் சுரண்டி, மழித்து, மீண்டும் வெட்டலாம். ஆண்டை மாற்றலாம், கடைப் பெயரை மாற்றலாம். பிரான்சுவா லாங்லுவா என்று ஒரு பட வியாபாரி இருந்தார். மூசெத் என்ற பைக்குழல் வாசிப்பார். அந்தக் கோலத்தில் அவரை வான் டைக் ஓவியமாகவே தீட்டியிருக்கிறார். லாங்லுவா 1647இல் இறந்தார். அவருடைய மனைவி 1655இல் இன்னொரு பட வியாபாரியான இரண்டாம் பியேர் மரியேத்தை மணந்தபோது கடையும் தகடுகளும் மரியேத் குடும்பத்துக்குப் போயின. தகடு இப்படிச் சீதனமாகப் போகும்போது அடியிலிருக்கிற பெயர் மாறும். எங்களைப் போன்றவர்கள் இன்று ஒரு தாள் முந்தைய அச்சா பிந்தைய அச்சா என்று சொல்வது, பல சமயம் அந்த ஒரு வரியில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

காலோவிடம் திரும்புவோம். அவர் 1592இல் நான்சியில் பிறந்தவர், லொரேன் சிற்றரசைச் சேர்ந்தவர். இளமையில் ஃபுளோரன்சுக்குப் போய் அந்நகரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் அரண்மனையில் வேலை பார்த்து, 1621இல் ஊர் திரும்பினார். உளியால் செம்பை நேரே வெட்டுவது அவருடைய முதன்மையான வழியாக இருக்கவில்லை. தகட்டின் மேல் மெருகு பூசி, அதை ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்க விடுகிற எட்சிங் முறையே அவருடையது. மெழுகு மாதிரி மென்மையான பூச்சுக்குப் பதிலாக, லூட் என்ற நரம்புக் கருவி செய்கிறவர்கள் பூசும் கடினமான மெருகைப் பயன்படுத்தினார். கீறல் உதிராது, கோடு சுத்தமாக விழும். ஊசி முனையையும் சாய்வாகத் தீட்டிக்கொண்டார். அதைச் சற்றே திருப்பினால் கோடு தடிக்கும், மறுபடி திருப்பினால் மெலியும். உளிக்காரன் ஒரு நாள் முழுக்க வெட்டுவதை இவர் பேனா ஓட்டுவது போல ஓட்டினார். எழுத்தையும் கொடியையும் கந்தலையும் ஒரே மூச்சில் வரைய முடிந்ததற்கு அந்த ஊசியும் ஒரு காரணம். முழுக்க ஊசியின் புகழென்று சொல்லமாட்டேன். ஊசி பலரிடம் இருந்தது.

அடுத்த படம். இதில் சற்று நேரம் நிற்கப்போகிறேன்.

1633. 'போரின் துயரங்களும் கேடுகளும்.' மொத்தம் 18 தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. உள்ளே போனால் கொள்ளை, தீவைப்பு, ஒரே மரத்தில் கொத்துக் கொத்தாகத் தூக்கிலிடப்பட்ட சிப்பாய்கள். முதல் தகட்டில் அதெல்லாம் இல்லை. அலங்காரச் சட்டம், அதில் தலைப்பு, சுற்றிலும் ஆயுதம் தாங்கிய வீரர்கள். ஏதோ வெற்றி விழாவுக்கு அழைப்பது போல இருக்கிறது. எழுத்தைப் படியுங்கள். 'லொரேன் நாட்டுப் பிரபு ழாக் காலோ வரைந்தது. அவர் நண்பர் இஸ்ரயேல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.' பாரிஸ், ஆண்டு, பிறகு 'மன்னரின் உரிமையுடன்.'

அந்தக் கடைசி வரி சட்டப் பாதுகாப்பு. பிரான்சின் மன்னர் கொடுத்த உரிமை இருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு எவனும் இந்தப் படங்களைத் திருடி அச்சிடக்கூடாது. நண்பர் இஸ்ரயேல் என்பது பாரிசில் கடை வைத்திருந்த இஸ்ரயேல் ஆன்ரியே. 'நண்பர்' என்று முகப்பிலேயே போட்டுக்கொண்ட வியாபாரி! அதில் பாசம் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று எடை போட நான் துணியமாட்டேன்.

ஆனால் எனக்கு நெருடுவது வேறு. அதே 1633இல் பதின்மூன்றாம் லூயியின் படை லொரேனுக்குள் புகுந்து நான்சியைப் பிடித்தது. காலோவின் ஊரைப் பிடித்த மன்னரின் பெயரால்தான் காலோவின் படத்துக்குப் பாதுகாப்பு. ஒரே அலங்காரச் சட்டத்துக்குள் 'லொரேன் பிரபு' என்று ஒரு வரி, 'மன்னரின் உரிமையுடன்' என்று இன்னொரு வரி. நான்சி வீழ்ந்ததை வரையச் சொன்னபோது, அதைவிடக் கட்டைவிரலை வெட்டிக்கொள்வேன் என்று காலோ மறுத்ததாகப் பின்னாளில் ஒரு கதை பரவியது. கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அதே மன்னருக்கு அவர் முன்பு லா ரொஷேல் முற்றுகையை வரைந்து கொடுத்தவர்தான். இந்த இரண்டு வரிகளை நம்புகிறேன். அவை செம்பில் இருக்கின்றன.

இனிக் கொஞ்சம் வேகமாகப் போகிறேன், நேரம் ஆகிறது.

1639இல் ஃபுளோரன்சிலிருந்து ஸ்தெஃபானோ தெல்லா பெல்லா என்ற எட்சிங் கலைஞர் பாரிசுக்கு வந்தார், பதினோரு ஆண்டு போல இருந்தார். பிரெஞ்சு என்று தலைப்பு வைத்துவிட்டு லொரேன்காரரையும் ஃபுளோரன்ஸ்காரரையும் வரிசையாகக் கூட்டி வருகிறேனே என்று கேட்பீர்கள். சந்தை பாரிசில் இருந்தது, அவ்வளவுதான். தெல்லா பெல்லாவின் கையில் கல் முழுக்கக் கரைந்துபோயிற்று. துணி, தோல், சிப்பி, காற்றில் சுருளும் நாடா, எதில் வேண்டுமானாலும் எழுத்து உட்காரும். 1646இல் அவர் வெறும் அலங்காரச் சட்டங்களையே ஒரு தொகுப்பாக வெளியிட்டார். விலங்குகளும் ஆட்டுக்கால் தேவர்களும் சுற்றி நெளிகிற சட்டங்கள், நடுவில் ஒன்றுமில்லை, வெள்ளை. வெள்ளிக் கொல்லரும் தச்சரும் செதுக்குக்காரரும் அதை வாங்கி நடுவில் தங்களுக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். எழுத்தே இல்லாத முகப்பை விலைக்கு விற்றவர் என்று அவரைச் சொல்லலாம்.

மன்னரின் முதன்மை அமைச்சர் ரிஷ்லியூவின் முயற்சியால் 1640இல் லூவ்ர் அரண்மனையில் அரசு அச்சகம் தொடங்கியது. முகப்புகளுக்கு ரோமிலிருந்து பாரிசுக்கு வந்திருந்த ஓவியர் நிக்கொலா பூசன் வரைய, க்ளோத் மெல்லான் செதுக்கினார். 1641இல் லத்தீன் கவிஞர் வர்ஜில், 1642இல் இன்னொரு லத்தீன் கவிஞர் ஹொராஸ், அதே ஆண்டு பைபிள். தூண் இல்லை, சட்டம் இல்லை, எழுத்து மிகக் கொஞ்சம். ஹொராசின் முகப்பில் கலைத்தேவி கவிஞரின் முகத்துக்கு ஆட்டுக்கால் தேவனின் முகமூடியை மாட்டுகிறாள். அங்கதக் கவிஞர் என்று சொல்ல ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. பைபிளில் இரண்டு பெண்கள். சிறகுள்ளவள் எழுதிக்கொண்டிருக்கிறாள், அவள் வரலாறு. முக்காடு போட்டவள் தீர்க்கதரிசனம், கையில் சிறிய ஸ்ஃபிங்ஸ், அதாவது பெண் முகமும் சிங்க உடலும் கொண்ட புராண உருவம். மேலே இறைவன். பைபிளுக்கே முகப்பு வரைகிறோம் என்று பூசன் பெருமைப்பட்டாரா என்றால், இல்லை. புத்தக முகப்பு, கணப்புக்கு அலங்காரம் என்று சில்லறை வேலையெல்லாம் தன் தலையில் கட்டுகிறார்கள் என்று கடிதங்களில் புலம்பினார். 1642 முடியும் முன் ரோமுக்கே திரும்பிப் போய்விட்டார். அவர் புலம்பிய அந்தச் சில்லறை வேலையை அவருடைய பெரிய மேற்கூரைத் திட்டங்களைவிட எனக்குப் பிடிக்கிறது.

எழுத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தவர் போஸ். ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் அரசாட்சியைப் பற்றி எழுதிய 'லெவியத்தான்' 1651இல் லண்டனில் வெளிவந்தது. எழுதும் காலத்தில் ஹாப்ஸ் பாரிசில் இருந்தார். அதன் முகப்பை அப்ரகாம் போஸ் செய்ததாகத்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். நீங்கள் எல்லோரும் பார்த்த படம்தான்: மலைக்குப் பின்னாலிருந்து எழுகிற மன்னன், அவன் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன மனிதர்கள். மேல்பாதியை எல்லோரும் பார்க்கிறார்கள், நான் கீழ்ப்பாதியைக் காட்டுகிறேன். இடப்புறம் மேலிருந்து கீழாகக் கோட்டை, மகுடம், பீரங்கி. வலப்புறம் அதற்கு ஈடாக தேவாலயம், பிஷப்பின் தலைக்கிரீடம், இடி. கோத்தியேயின் இரண்டு தூண்களும் இங்கே கட்டம் கட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. நடுவில் வாசலுக்குப் பதில் ஒரு திரை தொங்குகிறது. நூலின் தலைப்பு அந்தத் திரையில். கல்வெட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போக முடியாது. திரையை விலக்கலாம்.

போஸ் 1645இல் எட்சிங் தொழிலுக்கு ஒரு கையேடு எழுதியவர். மெருகு எப்படிக் காய்ச்சுவது, தகட்டைச் சாய்த்து வைத்து அமிலத்தை எப்படி ஊற்றி ஊற்றி அரிக்க விடுவது, போதுமான அளவு அரித்த இடத்தைக் கொழுப்பும் எண்ணெயும் பூசி எப்படிக் காப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. காலோவின் முறையைத்தான் எழுதி வைத்தார்.

அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு நடந்த ஒரு வேலைதான் கடைசிப் படம். போர்த் துயரங்களைக் காலோ இரண்டு முறை வரைந்தார். இப்போது பார்த்தது பெரிய தொகுப்பு. இன்னொன்று அதைவிடச் சிறியது, ஆறே தகடுகள். வெளிவருவதற்குள், 1635 மார்ச்சில், நான்சியில் காலோ இறந்துபோனார். ஆன்ரியேயிடம் ஆறு படங்கள் இருந்தன, முகப்பு இல்லை. முகப்பு இல்லாமல் தொகுப்பை எப்படி விற்பது? போஸைக் கூப்பிட்டு ஏழாவது தகட்டைச் செய்யச் சொன்னார். 1636இல் வந்தது. தொகுப்பில் முதலில் இருக்கிற தாள், செய்ததில் கடைசி. அதில் போஸ் வெட்டிய எழுத்து இதுதான்: 'போரின் துயரம். செய்தவர் ழாக் காலோ.'

விளக்கைப் போட்டுவிடுங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.