பந்திக்கு முந்த வேண்டியது சுண்டல்

(எங்கள் ஊர் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு நானே எழுதியிருக்கிறேன், கைதட்டலை மட்டும் விட்டுவிட்டேன்.)

தலைவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட உரிமையாளர் அண்ணாச்சி அவர்களே, எனக்கு முன்னால் பேசி நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்ட டாக்டர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கே நிறைய நேரம் போய்விட்டது. அண்ணாச்சி போர்த்தியது மூன்றாவது, அதை மறுக்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இன்றைக்கு மூன்று விஷயம் பேசப் போகிறேன். சாப்பிட்டதும் எந்தச் சத்து குடலில் எந்த ஹார்மோனை, அதாவது ரத்தத்தில் சேதி கொண்டுபோகும் பொருளை, கிளப்புகிறது என்பது ஒன்று, அதிலிருந்து வந்த ஊசி மருந்துகள் இரண்டு, நார்ச்சத்தும் பெருங்குடல் பாக்டீரியாவும் மூன்று. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள் அல்லவா, அந்தப் பந்தியில் முந்த வேண்டியது யார் என்பதுதான் என் பேச்சு.

முதலில் ஒரு கதை. 1902 ஜனவரி, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ். பேலிஸ், ஸ்டார்லிங் என்று இரண்டு பேர். பேலிஸ் கட்டியது ஸ்டார்லிங்கின் தங்கையை, ஆக மச்சானும் மச்சானும் ஒரே ஆய்வகத்தில். சண்டை போடாமல் வேலை பார்த்திருக்கிறார்கள், அதுவே பெரிய கண்டுபிடிப்பு! அந்தக் காலத்தில் ரஷ்யாவின் பாவ்லோவ் சொன்னதுதான் சட்டம். ஆம், மணி அடித்ததும் நாய்க்கு எச்சில் ஊறும் என்று பத்தாம் வகுப்பில் படித்தீர்களே, அவரேதான். இரைப்பையின் அமிலம் குடலில் இறங்கியதும் கணையம் சுரக்கிறது என்றால் அது நரம்பு வேலை என்பது அவர் கட்சி. மச்சான்கள் என்ன செய்தார்கள்? மயக்கம் கொடுத்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டைத் தனியாக்கி, அதற்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பே இல்லை, ஆனால் கணையம் சுரக்கிறது! அப்படியென்றால் சேதி ரத்தத்தில்தான் போக வேண்டும் என்று, உடனே குடலின் உள்தோலைச் சுரண்டி, மணலும் அமிலமும் போட்டு அரைத்து, வடிகட்டி ரத்தக்குழாயில் ஏற்றினால் மறுபடியும் கணையத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வருகிறது. அந்த ஹார்மோனுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். சேதி ரஷ்யாவுக்குப் போனது. பாவ்லோவ் தன் ஆய்வகத்திலேயே அதைச் செய்து பார்க்கச் சொன்னார், பார்த்தார், ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, அவர்கள் சொல்வதுதான் சரி, உண்மையைக் கண்டுபிடிக்க நாம் மட்டும் காப்புரிமை வாங்கி வைத்திருக்கவில்லையே என்றாராம். அவ்வளவு பெரிய மனிதர், அரை மணி நேரத்தில் ஒத்துக்கொண்டார். நம் ஊரில் அன்னதானக் கமிட்டி இன்னும் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். குடலின் உள்சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஹார்மோன் செல்கள் இருக்கின்றன. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் மாதிரி, வந்திருப்பது யார் என்று பார்த்து உள்ளே சேதி அனுப்புவது அவற்றின் வேலை. கொழுப்பு வந்தால் சிசிகே என்ற ஹார்மோன். அதுவும் எண்ணெய் எண்ணெயாகவே இருந்தால் போதாது, செரித்துக் கொழுப்பு அமிலமாக உடைய வேண்டும், அந்த அமிலத்தின் சங்கிலியில் குறைந்தது 12 கார்பனாவது இருக்க வேண்டும். புரதமும் உடைந்து சிசிகேயைக் கிளப்பும். அது பித்தப்பையைச் சுருக்கும், இரைப்பையைப் பார்த்து மெதுவாக விடு என்று சொல்லும், மூளைக்குப் போதும் என்று சொல்லும். மாவுச்சத்து குளுக்கோஸாகி, சோடியத்தோடு சேர்ந்து செல்லுக்குள் நுழையும்போதே செல்லின் மின்னழுத்தம் மாறி, மேல்குடலில் ஜிஐபி, கொஞ்சம் கீழே ஜிஎல்பி-1 என்று இரண்டு ஹார்மோன்கள் வெளியே வரும். இந்த இரண்டும் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிற இன்சுலினைக் கூட்டுகிறவை. ரத்தச் சர்க்கரை ஒரே அளவுக்கு ஏறும்படி வாய்வழியாகவும் ஊசிவழியாகவும் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தால், வாய்வழிக்குத்தான் இன்சுலின் அதிகம் சுரக்கிறது. சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு இந்த உதவி குறைந்துவிடுகிறது.

ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடம் தாங்கினால் பெரிது, ஒரு நொதி வெட்டிவிடும். அதனால்தான் அதே வேலையைச் செய்யும், ஆனால் சீக்கிரம் வெட்டுப்படாத ஊசி மருந்துகளை உண்டாக்கினார்கள். முதல் மருந்து 2005-இல் வந்தது, அதன் மூலம் அமெரிக்காவின் கீலா என்ற பல்லியின் விஷ எச்சில். அதைப் பற்றி டாக்டர் ஐயா சொல்லிவிட்டார், விடுகிறேன்.

பந்திக்கு முந்து என்றேனே, அங்கே வருகிறேன். புரதம் முன்னால் போனால் இரைப்பை மெதுவாக விடும் என்று பார்த்தோம், அப்படியானால் பின்னால் வரும் மாவும் மெதுவாகத்தானே இறங்கும்? 2015-இல் நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில், கோழியும் காய்கறியும் 15 நிமிடம் கழித்து. இன்னொரு நாள் தலைகீழாக. கோழியும் காயும் முந்திய நாளில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 37 சதவீதம் குறைவு. 11 பேர்தானே என்று டாக்டர் ஐயா அங்கே சிரிக்கிறார். சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லையே ஐயா, வரிசையைத்தானே மாற்றச் சொல்கிறேன்? காசு செலவா?

நம் இலையில் என்ன நடக்கிறது? முதலில் இனிப்பு. அப்புறம் மலை மாதிரி சோறு. பொரியல் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. அன்னதானக் கமிட்டியிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: அன்னதானமோ கல்யாணமோ, இலை போட்டதும் ஒரு கப் சுண்டல், பொரியல், கூட்டு. கால் மணி நேரம் கழித்துச் சோறு. சுண்டலிலும் மாவு இருக்கிறதே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் மெதுவாகச் செரிக்கிற மாவு, கூடவே காய்ந்த கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் புரதம், நாரும் உண்டு. பந்தி தாமதமாகும், அடுத்த பந்தி காத்திருக்கும் என்றார் இன்னொருவர். அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறவர்கள் கையிலேயே சுண்டலைக் கொடுத்துவிடலாம் என்கிறேன், பந்திக்கு முந்தட்டும் என்கிறேன், யார் கேட்கிறார்கள்? மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிடாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். பெருங்குடல் பாக்டீரியா அடுத்த ஆண்டு. கமிட்டிக்குக் கொடுக்கும் மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது, பேனா கட்டித் தொங்குகிறது, கையெழுத்துப் போட்டுவிட்டு மாடிக்குப் போங்கள். மாடியில் முதலில் சுண்டல்தான் வரும். சோறு எங்கே என்று பரிமாறுகிற பிள்ளைகளைத் திட்டாதீர்கள், அப்படிச் செய்யச் சொன்னது நான். நன்றி, வணக்கம்.