ரொட்டாவேட்டர் மாட்டுறதுக்கு முன்னாடி பிடிஓ ஷாஃப்ட்டை அளந்து பாருங்க

வணக்கம் மக்களே. மாதவரம் ஷெட்டுல நிக்கிறோம், நடுவுல லாரி ஹாரன் சத்தம் வந்தா கண்டுக்காதீங்க. சோழவரம், பொன்னேரி பக்கம் நவரை நெல் பட்டத்துக்கு உழவு ஆரம்பிக்குற நேரம். அதனால இன்னைக்கு மண்ணைக் கொத்திப் பொடியாக்குற அஞ்சடி ரொட்டாவேட்டரை 45 ஹெச்பி டிராக்டர் வண்டியில மாட்டி, வயல்ல இறக்குற வரைக்கும் பார்த்துடலாம்.

மாட்டுற வரிசை இது: முதல்ல வண்டிக்குப் பின்னாடி கீழ இருக்குற இடது லிங்க் கை, அடுத்து வலது லிங்க் கை, கடைசியா மேல நடுவுல இருக்குற டாப் லிங்க். இடது ஏன் முதல்லன்னா, ஏத்தி இறக்குற கைப்பிடி, கையைத் தூக்குற வலது பக்க லிஃப்ட் ராடுலதான் இருக்கு. இடது பின்னுல ஏறிடுச்சுன்னா வலதைச் சுத்திச் சுத்திப் பொருத்திக்கலாம். கழட்டும்போது இதுக்குத் தலைகீழ். மூணுலயும் லாக் பின் போட்டதுக்கு அப்புறம்தான் பிடிஓ ஷாஃப்ட்டை, அதாவது வண்டிக்குப் பின்னாடி சுத்துற பிடிஓ முனையில இருந்து ரொட்டாவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டு போற தண்டைக் கையில எடுக்கணும்.

இந்த ஷாஃப்ட்டுலதான் நிறைய பேர் காசை விடுறாங்க. புது மெஷினோட வர்ற ஷாஃப்ட், உங்க வண்டிக்கு அளவெடுத்து வந்தது கிடையாது. நீளம் ஜாஸ்தியா இருந்தா, தூக்கி இறக்கும்போது உள்குழாய் அடியில போய் முட்டும். அந்த அழுத்தத்துக்குப் போக வேற வழி இல்லை. ஒரு பக்கம் வண்டியோட பிடிஓ பேரிங் வாங்கும், இன்னொரு பக்கம் ரொட்டாவேட்டர் கியர்பாக்ஸ் வாங்கும். முதல்ல சீல்ல ஆயில் கசியும். அதைக் கவனிக்காம ஓட்டினா பேரிங் போயிடும். நீளம் கம்மியா இருந்தா குழாய்ங்க ரெண்டும் கொஞ்சமாத்தான் பிடிச்சிருக்கும். லோடு ஏறுனதும் முறுக்கிக்கும், இல்லை பாதி வழியில கழண்டு அடிக்கும்.

அளக்குறது சுலபம். ஷாஃப்ட்டை ரெண்டாப் பிரிங்க. ஒரு பாதியை வண்டியில மாட்டுங்க, இன்னொண்ணை ரொட்டாவேட்டர்ல. பிடிஓ லிவர் நியூட்ரல்ல இருக்கணும். ஹைட்ராலிக்கை மெதுவா ஏத்தி, ரெண்டு முனையும் ரொம்ப கிட்ட வர்ற இடத்துல நிறுத்துங்க. அடியில கட்டை முட்டுக் கொடுத்து, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு பாதியையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சுப் பாருங்க. இங்க பாருங்க, இந்த முனைக்கும் அந்தப் பக்கக் கவருக்கும் நடுவுல ஒரு இன்ச்சாவது இடைவெளி வேணும். இதுல இல்லை, முட்டுது. அதனால உள்குழாய், வெளிக்குழாய், மேல இருக்குற ரெண்டு பிளாஸ்டிக் கவர், எல்லாத்துலயும் ஒரே அளவு வெட்டணும். ஹேக்ஸாவுல அறுத்துட்டு அரம் போட்டுப் பிசிறை எடுங்க, துடைச்சு கிரீஸ் தடவுங்க. ரொம்ப தள்ளி நிக்குற நிலையில, குழாய் நீளத்துல மூணுல ஒரு பங்காவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கணும்.

மறுபடி சேர்க்கும்போது நடுவுல இருக்குற, கவை மாதிரியான ரெண்டு ஃபோர்க்கும் ஒரே நேர்ல நிக்கணும். மாத்திச் சேர்த்தா வண்டி முழுக்க அதிரும், நீங்க கியர்பாக்ஸ்ல தப்புன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. பிடிஓ முனையில இருக்குற பல்லு வரியில (ஸ்ப்ளைன்) ஏத்துனதும் லாக் 'டக்'னு விழுந்துச்சான்னு இழுத்துப் பார்த்துக்கோங்க.

அடுத்தது லெவல். பக்கவாட்டுக்கு வலது லிஃப்ட் ராடு, முன்பின்னுக்கு டாப் லிங்க். வேலை ஆழத்துல பிடிஓ முனையும் கியர்பாக்ஸ் முனையும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். லிங்க் கை பக்கவாட்டுல ஆடாமப் பிடிக்குற செக் செயினை இறுக்கிடுங்க, மெஷின் ஆடி டயர்ல உரசக் கூடாது. ஆழம் வைக்கிறது ரெண்டு ஓரத்துலயும் தரையில சறுக்கிப் போற ஸ்கிட்ல, ரெண்டும் ஒரே ஓட்டையில இருக்கட்டும். ஹைட்ராலிக்ல, மெஷினை ஒரே உயரத்துல நிறுத்துற பொசிஷன் லிவர்தான். இழுவைக்கு ஏத்தபடி ஏத்தி இறக்குற டிராஃப்ட் லிவர் கொத்துக் கலப்பைக்கு, இதுக்கு வேண்டாம். கியர்பாக்ஸ்லயும் சைடு கேஸ்லயும் ஆயில் லெவலைத் தனித்தனியாப் பாருங்க. புது மெஷின் ஆயில் இல்லாமலே கூட வரலாம்.

வயல்ல மண்ணு பதமா இருக்கணும். ஒரு பிடி எடுத்து உருண்டை பிடிச்சுக் கீழ போடுங்க. உதிர்ந்தா ஓட்டலாம். அப்பிக்கிட்டுக் கிடந்தா ரெண்டு நாள் விடுங்க. சேற்றுழவுன்னா கணக்கே வேற, அது இன்னொரு வீடியோ.

கத்தி தரையைத் தொடாம லேசாத் தூக்கி வெச்சு, கம்மி த்ராட்டில்ல பிடிஓ போடுங்க. ஆர்பிஎம் மீட்டர்ல பிடிஓவுக்குன்னு போட்டிருக்குற 540 கோட்டுக்கு ஏத்துங்க, வண்டியை நகர்த்திக்கிட்டே மெதுவா இறக்குங்க. மண்ணுல இறக்கி வெச்சுட்டு பிடிஓ போட்டா, லோடு மீறினா முதல்ல அறுந்து மத்ததைக் காப்பாத்துற ஷியர் போல்ட் அறுந்துடும். கட்டி பெருசா வந்தா ஆர்பிஎம்மைத் தொடாதீங்க, கியரைக் குறைங்க, பின் பலகையை இறக்கி விடுங்க. வரப்புல திரும்பும்போது பிடிஓவை ஆஃப் பண்ணிட்டுத் தூக்குங்க. மண்ணுக்குள்ள இருக்குறப்ப ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, பின் பலகை மடங்கிடும். வைக்கோல் சுத்திக்கிச்சா? இன்ஜின் ஆஃப், சாவி பாக்கெட்டுல, அப்புறம்தான் கை. லுங்கி, துண்டோட ஷாஃப்ட் கிட்ட போகாதீங்க. வெயிட்டுக்குன்னு மேல ஆளை உக்கார வெக்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க.

கத்தியில இடது, வலதுன்னு ரெண்டு வகை. இந்த மெஷின்ல 36 கத்தி, ஒண்ணுக்கு ரெண்டு போல்ட், மொத்தம் 72. கூர் பக்கம்தான் முதல்ல மண்ணுல இறங்கணும். தலைகீழா மாட்டினா முதுகு மண்ணை அடிச்சு, மெஷின் குதிக்கும். செங்குன்றம் பக்கத்துச் சரளை மண்ணுல கத்தி சீக்கிரம் தேயும், தேயுறப்ப மாத்திக்கிட்டே வாங்க. முதல் ரெண்டு மணி நேரம் ஓட்டினதும் நிறுத்தி, 72 போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்குங்க. ஒண்ணு விழுந்துட்டா, சென்னை பாரிமுனை செம்புதாஸ் தெருவுல வாங்கினாலும் சரி, வேற எங்க வாங்கினாலும் சரி, தலையில பலத்தைக் காட்டுற நம்பர் 8.8 இல்லைன்னா 10.9னு குத்தியிருக்கான்னு பார்த்து வாங்குங்க. சாதா போல்ட் போட்டா அரை நாள் தாங்காது.