யார் கூலி கண்ணை உறுத்துகிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஏற்றத்தாழ்வு பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய சங்கதி. நான் டீக்கடை பெஞ்சோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே அதிகம் திட்டு வாங்குவது யார்? கோடீஸ்வரர் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்.

“மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுக் காசு வாங்குகிறார்கள்.” இதைக் கேட்காத காது தமிழ்நாட்டில் உண்டா? எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இந்த வேலை 2006-லேயே வந்துவிட்டது. பேச்சும் கூடவே வந்துவிட்டது.

போன கோடையில் ஓர் ஏரியில் நின்று பார்த்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வெட்டிக்கொண்டிருந்தார். காய்ந்த களிமண், மண்வெட்டி இறங்காமல் துள்ளுகிறது. வெட்டிய குழியை நீளம், அகலம், ஆழம் என்று அளக்கிறார்கள். அளவு குறைந்தால் கூலியும் குறையும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை எல்லாரையும் நிற்கவைத்துச் செல்போனில் வருகைப் படம் வேறு. 2025-26க்கு அறிவித்த கூலி 336 ரூபாய். முழுசாக வருகிறதா என்று கேட்டேன். “மண்ணு கல்லாட்டம் கெடக்கு, முழுசா எப்படி வரும் சார்?” என்றார். கேட்டுவிட்டு நான் நிழலுக்குப் போய்விட்டேன், அது வேறு விஷயம்.

சரி, திட்டுகிறவர் கெட்டவரா? இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று ஏக்கர்காரர். களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, நெல்லுக்கு விலை கட்டவில்லை. அவர் வயிற்றெரிச்சல் நிஜம். ஆனால் அது கைக்கு எட்டுகிற ஆள் மேலேயே போய் விழுகிறது. வயலில் பெண்ணுக்குக் குறைச்சல் கூலி கொடுத்துப் பழகியவர்கள் நாம். இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வருகிறவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள். உறுத்தல் பாதி அங்கேதான் என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2015 பட்ஜெட்டில் சொத்து வரியை, வீட்டு வரி இல்லை, செல்வந்தர்கள் நகை, கார், கூடுதல் வீடு மாதிரி சில சொத்துகளுக்குக் கட்டிவந்த மத்திய அரசு வரியை, எடுத்துவிட்டார்கள். வசூல் சொற்பம் என்றார்கள். பதிலுக்குக் கோடிக்கு மேல் வருமானத்துக்குக் கூடுதல் வரி போட்டார்கள். சரியா தப்பா என்பது இருக்கட்டும். எங்கள் டீக்கடையில் அது பேச்சாகவே வரவில்லை. ஏரி மண் மட்டும் தினமும் அளக்கப்படுகிறது.

சுவிட்சர்லாந்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்தேன். இங்கே ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். இரண்டே வரி: ஒரு கம்பெனியில் உச்சியில் இருப்பவரின் மாதச் சம்பளம், அடியில் இருப்பவரின் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று 2013-இல் அங்கே பொது வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 65 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்; கம்பெனிகள் வெளியேறிவிடும், வரி வருமானம் குறையும் என்ற பயம் அதில் பெரிய பங்கு. நன்றி, வணக்கம்.