கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாரசீகக் கம்பளம் என்றதும் பேச்சு நேராக விலைக்குப் போய்விடும். கடையில் விரித்துக் காட்டும்போது நாமும் பூ, கொடி, நிறம் என்று மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். என்னைக் கேட்டால், முதலில் ஒரு மூலையைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள் என்பேன்.

கையால் முடிச்சுப் போட்ட கம்பளம் என்றால், மேலே இருக்கிற அதே பூ பின்னாலும் தெளிவாகத் தெரியும். தறியில் நீளவாக்கில் கட்டிய இரண்டு பாவு இழைகளைச் சுற்றிக் கம்பளி நூலை முடிந்து, கத்தியால் வெட்டி, பக்கத்தில் அடுத்த முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கு இழையான ஊடையை ஓட்டி அடித்து இறுக்குவார்கள். கை வேலை என்பதால் முடிச்சுகள் கொஞ்சம் ஏறுமாறாக இருக்கும். ஓரத்துக் குஞ்சமும் தனியாகத் தைத்தது அல்ல, பாவு இழைகளின் நுனிதான். பின்பக்கம் முழுக்கத் துணி ஒட்டியிருந்தால், அங்கே முடிச்சே இல்லை, பசைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஈரானில் சில பட்டறைகளில் ஒருவர் நிறங்களை ராகம் போட்டுச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் முடிச்சுப் போடுவார்கள். வானொலிக்கு எவ்வளவு பொருத்தமான தொழில் பாருங்கள்!

எனக்கு மிகவும் பிடித்த கம்பளம் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அர்தபில் கம்பளம். வடமேற்கு ஈரானின் அர்தபில் ஊரில் சூஃபி ஞானி ஷேக் சஃபியின் அடக்கத்தலத்தில் இருந்தது. ஏறக்குறைய பத்தரை மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள் சுமார் 5,300 முடிச்சுகள். ஒரு முனையில் கவிஞர் ஹாஃபிஸின் ஈரடி ஒன்று. உன் வாசலை விட்டால் எனக்குப் புகலிடம் இல்லை என்கிற பொருளில் தொடங்கும். அதன் கீழே வாசலின் அடிமை மக்சூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும். நம் கணக்கில் 1539-40. அந்தக் காலத்துக் கம்பளங்களில் பெயரும் ஆண்டும் சேர்ந்து கிடைப்பது மிக அரிது.

இன்னொரு விஷயம் கேளுங்கள். இது தனிக் கம்பளம் அல்ல, ஜோடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டும் கிழிந்து நைந்து கைமாறியபோது, ஒன்றின் கரையையும் சில பகுதிகளையும் வெட்டி மற்றதை ஒட்டுப்போட்டு முழுமையாக்கினார்கள். முழுமையானதை 1893-ல் 2,000 பவுண்டு கொடுத்து லண்டன் வாங்கியது. ஓவியரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ்தான் வாங்குங்கள் என்று வற்புறுத்தியவர். கரை இழந்த ஜோடி அமெரிக்கா போனது. எண்ணெய்ச் செல்வந்தர் ஜே. பால் கெட்டி 1953-ல் அதை லாஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். லண்டனில் இருப்பதற்கு அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம்தான் விளக்குப் போடுகிறார்கள், நிறம் போய்விடக் கூடாது என்று. என் மனசு என்னவோ கரை இழந்த அந்த ஜோடியிடம்தான் போகிறது. ஒன்று பிழைக்க மற்றொன்று தன்னைக் கொடுத்திருக்கிறதே!

இதைவிடப் பழையதும் உண்டு. சைபீரியாவின் அல்தாய் மலையில், பஸிரிக் என்ற இடத்துக் கல்லறையில் 1949-ல் கிடைத்தது. திருடர்கள் போட்ட துளை வழியே நீர் இறங்கி உறைந்துபோனதால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது மட்காமல் இருந்தது. எங்கே நெய்தது என்பதில் இன்னும் தகராறு. ஆனால் அதுவும் முடிச்சுப் போட்டதுதான்.

சாயம் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், நேரம் ஓடுகிறது. சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்துக்கு அவுரி, பழுப்புக்கு வால்நட் தோல். ஒரே சிவப்புக்குள் பட்டை பட்டையாக நிறம் மாறினால் குறை என்று ஒதுக்காதீர்கள். ஒவ்வொரு முறை தோய்த்த நூலும் சற்று வேறாக இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

பராமரிப்பு, சுருக்கமாக. காபி கொட்டினால் தேய்க்காதீர்கள், வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வேக்குவம் கிளீனரில் சுழலும் பிரஷ் வேண்டாம், குஞ்சத்தின் பக்கமே போக வேண்டாம். வெயில் ஒரே பக்கம் விழாமல் வருஷத்துக்கு ஒருமுறை இந்த முனை அந்த முனைக்கு வரும்படி திருப்பிப் போடுங்கள். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். அப்புறம், சோபாவுக்கு அடியில் இருட்டில் கிடக்கும் பகுதியில்தான் அந்துப்பூச்சி முட்டையிடும். மாதம் ஒருமுறை அங்கேயும் தூக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.