ஜெருசலேம் கிரிக்கெட்டைப் பார்த்தால் செருப்பைத் தேடாதீர்கள்

வணக்கம் மக்களே. லைட்டைக் கீழே இறக்குகிறேன், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பாருங்கள். பெரிய மொட்டைத் தலை, பழுப்பு உடம்பு, வயிற்றில் கறுப்புப் பட்டைகள், இறக்கையே கிடையாது. 5 சென்டிமீட்டர் வரைகூட வளரும். பகல் முழுக்க மண்ணுக்குள் கிடந்துவிட்டு இருட்டினதும் வெளியே வருகிற இந்தப் பூச்சியைத்தான் இங்கே கலிஃபோர்னியாவில் ஜெருசலேம் கிரிக்கெட் என்கிறார்கள்.

ஜெருசலேமுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அமெரிக்காவின் மேற்குப் பக்கமும் மெக்சிகோவும்தான் இதற்குச் சொந்த ஊர். கிரிக்கெட் என்றால் சுவர்க்கோழி, அந்தக் குடும்பமும் இல்லை. பொட்டேட்டோ பக் என்றும் சொல்வார்கள், கிழங்கைக் கொஞ்சம் கடிக்கும்தான், ஆனால் செத்த வேர், மக்கின செடி, சின்னப் பூச்சிகள் இவைதான் முக்கியமான சாப்பாடு. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் வைத்த பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நீன்யா தே லா தியெர்ரா, மண்ணின் பெண்குழந்தை. அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

அப்புறம் விஷம் என்று ஒரு பயம் இருக்கிறது. விஷம் சுத்தமாகக் கிடையாது. தாடை பலமானது, கையில் பிடித்து அழுத்தினால் வலிக்கிற மாதிரி கடிக்கும், அவ்வளவுதான்.

இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதன் தாளம். இறக்கை இல்லாததால் சுவர்க்கோழி மாதிரி இறக்கையை உரசிப் பாட முடியாது, அதனால் துணையைக் கூப்பிட வயிற்றைத் தரையில் தட்டுகிறது, அந்த அதிர்வு மண் வழியாகப் போய் இன்னொன்றின் காலில் படுகிறது, அதுவும் பதிலுக்குத் தட்டுகிறது. ஒவ்வொரு இனத்துக்கும் தட்டுகிற விதம் வேறு! கண்ணால் பார்த்துப் பிரிக்கவே கஷ்டமான இனங்களை, டேவிட் வைஸ்மன் என்ற பூச்சியியலாளர் இந்தத் தாளங்களைப் பதிவு செய்து பிரித்துக் காட்டியிருக்கிறார். இவ்வளவு நுணுக்கமாகப் பேசிக்கொள்கிற ஒரு உயிரை, முகம் பிடிக்கவில்லை என்று மிதிப்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

நீச்சல் குளத்தில் செத்துக் கிடந்தால் பக்கத்தில் நூல் மாதிரி நீளமான புழு நெளிகிறதா என்று பாருங்கள். இதன் உடம்புக்குள்ளேயே வளர்ந்து, கடைசியில் தண்ணீரில் குதிக்க வைத்து வெளியே வருகிற ஒட்டுண்ணி அது, மனிதர்களை ஒன்றும் செய்யாது.

சரி, வீட்டுக்குள் வந்துவிட்டால்? ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி, தோட்டத்தில் ஈரமான மண் பக்கமாக விட்டுவிடுங்கள், மிச்சத்தை அதுவே தோண்டிக்கொள்ளும்.